எதிரொலி முந்தி வந்த கோயில்

போன வாரம் பெங்களூர் அடுகோடியில் ஒரு பார்சல் ஆபீசுக்குப் போயிருந்தேன். மகளுடைய ஸ்கூட்டரைக் கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டும். கவுண்டரில் இருந்தவர் விவரமெல்லாம் கேட்டுக் கணினியில் தட்டினார். உடனே மேசைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. தகரத்தைப் பல்லால் கடித்து இழுப்பது போன்ற சத்தம். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ரசீது வந்ததும், இரண்டு ஓரங்களிலும் வரிசையாகத் துளை போட்டிருக்குமே, அந்த நீளத் துண்டுகளை அவர் சர்ரென்று கிழித்து, பார்க்காமலேயே கீழே போட்டார்.

நான் குனிந்து ஒரு துண்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் அடுத்தவர் ஆபீஸ் குப்பையைப் பொறுக்குவதை மகள் பார்த்துவிட்டாள். என்ன அது என்று கேட்டாள். கன்வல்யூஷன் என்றேன். அவள் மேலே கேட்கவில்லை. சில கேள்விகளுக்கு என்னிடம் பதில் வரும் என்பதே அவளுக்குப் பயம்.

ஆனால் உங்களிடம் சொல்லலாம். நீங்கள் தப்பிக்க வழியில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பெங்களூரில் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன், அல்லது அப்படி வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்பா மாநில மின்துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். "கரண்டுனா வரும், இல்லாட்டி போகும். இதுல நாலு வருஷம் படிக்கிறதுக்கு என்னடா இருக்கு?" என்பார். உலகத்தில் இரண்டே நிலைதான் என்று முடிவுகட்டியிருந்த மனிதர். அந்த வகையில் டிஜிட்டல் யுகத்துக்கு எனக்கு முன்பே போய்ச் சேர்ந்தவர்.

அந்த நாலு வருடத்தில் ஒரு பேப்பருக்குப் பெயர் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ். மோட்டார் பற்றிய பாடத்தில் ஒரு மோட்டாராவது இருக்கும். தொட்டால் சுடும், கிரீஸ் நாற்றம் அடிக்கும். இந்தப் பாடத்தில் ஒன்றும் இருக்காது. போர்டில் ஒரு பெட்டி வரைவார்கள். இடப்பக்கம் ஒரு அம்புக்குறி உள்ளே போகும், வலப்பக்கம் ஒன்று வெளியே வரும். பெட்டிக்குள் என்ன என்று கேட்கக் கூடாது. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் வைத்துப் பெட்டியின் குணத்தைச் சொல்ல வேண்டும். பெண் பார்க்கப் போகிற மாதிரி.

நேரியல் என்று ஒரு குணம் உண்டு. இரண்டு மடங்கு உள்ளே கொடுத்தால் இரண்டு மடங்கு வெளியே வர வேண்டும். எனக்கு இது உடனே விளங்கியது, காரணம் அப்பா நேரியல் இல்லை. சினிமாவுக்குப் போகட்டுமா என்று ஒரு தடவை கேட்டால் ஒரு உறுமல். இரண்டாம் தடவை கேட்டால் இரண்டு உறுமல் வராது, வேறு ஏதாவது வரும். அடுத்த குணம் காலம் மாறினாலும் மாறாதது. காலையில் கொடுத்தாலும் சாயங்காலம் கொடுத்தாலும் பெட்டி ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். இதில் அம்மா தோற்றுப்போனார். காபிக்கு முன் அம்மா, காபிக்குப் பின் அம்மா இரண்டும் வேறு வேறு அமைப்புகள்.

இவ்வளவு புரிந்தும் அந்தப் பேப்பர் எனக்கு இரண்டு முறை போனது.

தோற்ற பேப்பருக்கு எங்கள் ஊரில் 'பேக்' என்று பெயர். இரண்டாம் வருடத்து பேக் ஒன்று மிச்சம் இருந்தாலும் நான்காம் வருடத்துக்குள் விட மாட்டார்கள் என்பது பல்கலைக்கழகத்தின் சட்டம். ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டும். அதற்கு 'இயர் பேக்' என்று பெயர். எனக்கு மூன்றாவது வாய்ப்புதான் கடைசி. வீட்டிலோ பேக் இருப்பதே தெரியாது. அப்பா போகிற கல்யாணத்திலெல்லாம் பையன் அடுத்த வருஷம் இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்தக் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தியிருந்தேன்.

எனக்குத் துணையாக அருள் இருந்தான். அவனுக்கும் அதே பேப்பர் பேக். ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கிற கிறிஸ்தவக் குடும்பம். அவர்கள் வீட்டில் சர்ச் என்று சொல்ல மாட்டார்கள், கோயில் என்றுதான் சொல்வார்கள். அந்தக் கோயில் பாடகர் குழுவில் அருள் கிதார் வாசிப்பான். எங்கள் இருவருக்கும் மேலே நிர்மலா. மர்ஃபி டவுன், அப்பா ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குபவர், வகுப்பில் முதல். அவள் இந்தப் பேப்பரை எப்போதோ ஊதித் தள்ளியிருந்தாள். அவள் வீட்டில் ஐந்து பேருக்கு ஒரே அறை. அருள் வீட்டிலோ ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை இருந்தது. நோட்டுகளை விரித்துப் போட இடம் கிடைக்கிறதே என்று அவள் மத்தியானங்களில் அங்கே வந்து தன் பாடங்களைப் படிப்பாள். நடு நடுவே தலை நிமிர்ந்து எங்களைத் திட்டுவாள். அதற்குப் பெயர் குரூப் ஸ்டடி.

மூன்றரை மணிக்கு அருளின் அம்மா ஃபிலோமினா ஆண்டி பேக்கரியிலிருந்து காரா பன் வரவழைப்பார். வெங்காயமும் பச்சை மிளகாயும் வெண்ணெயும் சேர்ந்து அடுப்பில் கருகிய வாசனை தெருமுனையிலேயே தொடங்கிவிடும். எனக்கு இன்றைக்கும் அந்தப் பாடத்தின் கணித மேதை ஃபூரியே பெயரைக் கேட்டால் நாக்கில் பச்சை மிளகாய் உறைக்கும்.

இம்பல்ஸ் என்றால் என்ன என்று நான் கேட்டதிலிருந்துதான் அந்தக் கோயில் விஷயம் வந்தது. புத்தகத்தில், அகலமே இல்லாத, உயரத்துக்கு முடிவே இல்லாத ஒரு சிக்னல் என்று போட்டிருந்தது. அப்படி ஒரு வஸ்துவைப் பற்றி மதத் தலைவர்கள்தான் பேச முடியும் என்றேன். நிர்மலா பென்சிலை வைத்துவிட்டு அருளிடம் கோயில் இப்போது திறந்திருக்குமா என்று கேட்டாள்.

போனோம். மத்தியான நேரம், உள்ளே யாரும் இல்லை. உயரமான கூரை, மெழுகு வாசனை. நிர்மலா நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டினாள். படார். அப்புறம் அந்தச் சத்தம் சுவரில் போய் மோதித் திரும்பி, கூரைக்குப் போய், தேய்ந்து தேய்ந்து, பீடத்துக்குப் பின்னால் எங்கோ போய் அடங்கியது.

"அவ்ளோதான் குரு. நீ ஒரு தட்டு தட்டுன, கோயில் பதில் சொல்லிச்சு. அந்த பதில் தெரிஞ்சா போதும். பாட்டு, பிரசங்கம், இருமல், எல்லாமே வரிசையா சின்னத் தட்டு பெரிய தட்டுதான். ஒவ்வொரு தட்டுக்கும் இதே வால் முளைக்கும். எல்லா வாலையும் கூட்டு" என்றாள் நிர்மலா. பெங்களூரில் யாரும் யாருக்கும் குருதான்.

இரண்டு முறை தோற்ற பாடம் ஒரு கைதட்டலில் புரிந்துவிட்டதே என்கிற சந்தோஷத்தில் நானும் தட்டினேன். அருளும் தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தோம். பக்கத்து அறையிலிருந்து உபதேசியார் எட்டிப் பார்த்து, "கொசு அடிக்கிறதுன்னா வெளிய போய் அடிங்கப்பா" என்றார்.

அந்த வால்களைக் கூட்டுவதற்குத்தான் கன்வல்யூஷன் என்று பெயர். அதைச் செய்யப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக சூத்திரம் இருந்தது. எங்களிடம் ஒரு குறுக்கு வழி இருந்தது. அருளின் அக்கா வேலை பார்த்த ஆபீசில் நாள் முழுக்க டாட் மேட்ரிக்ஸ் ஓடும். கிழித்துப் போட்ட ஓரத் துண்டுகளை அவர் ஒரு பை நிறைய வீட்டுக்குக் கொண்டுவருவார். கோயில் திருவிழாவுக்குத் தோரணம் கட்ட ஆண்டி அதைச் சேர்த்து வைப்பார். அந்தத் துண்டில் துளைகள் சரிசமமான இடைவெளியில் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒரு துளைக்கு ஒரு எண். உள்ளே போகிற சிக்னலை ஒரு துண்டில் எழுதிக்கொள்வது, கோயில் சொன்ன பதிலை இன்னொரு துண்டில் எழுதிக்கொள்வது. ஒன்றின் கீழ் ஒன்றை வைத்துத் துளை துளையாக நகர்த்த வேண்டும். மேலும் கீழும் சந்திக்கிற எண்களைப் பெருக்கிக் கூட்டினால் விடை. வாய்ப்பாடு தெரிந்தால் போதும், கால்குலஸ் வேண்டாம்.

தோரணத் துண்டுகள் குறைந்துகொண்டே வந்தன. ஆண்டி கண்டும் காணாமல் இருந்தார். அந்த வருடத் திருவிழாவில் கோயிலின் வடக்குப் பக்கம் தோரணமே இல்லை என்றும், அதற்கு நாங்கள்தான் காரணம் என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

மூன்று வாரம் நான் துண்டுகளை நகர்த்தினேன். கேள்வித் தொகுப்பில் இருந்த எல்லாக் கணக்கையும் போட்டேன். எல்லாமே சரி. ஒன்று, ஒன்று, ஒன்று; சரி. ஒன்று, இரண்டு, ஒன்று; சரி. வாழ்க்கையில் முதல் முறையாகக் கடைசிப் பக்கத்து விடைகளும் என் விடைகளும் கைகுலுக்கிக்கொண்டன. அந்த நாட்களில் நான் நடக்கிற நடையே மாறிவிட்டதாக அம்மா சொன்னார். அடுகோடியில் எங்கள் தெருவில் வரிசையாக லேத்துப் பட்டறைகள். அந்த இரும்புச் சத்தத்தைக் கூட நின்று கேட்டு, இது எந்தப் பெட்டிக்குள் போய் எப்படி வெளியே வரும் என்று யோசிக்கிற அளவுக்குத் தலைக்கனம்.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு நிர்மலா போகிற போக்கில் ஒரு கணக்குக் கொடுத்தாள். கோயிலில் ஒரே ஒரு தட்டு. கோயிலின் பதில் மூன்று, இரண்டு, ஒன்று. முதலில் பெரிய சத்தம், அப்புறம் கொஞ்சம், அப்புறம் மிச்சம். என்ன கேட்கும்? கணக்கே தேவையில்லை, மூன்று, இரண்டு, ஒன்று என்றுதான் கேட்கும். குழந்தைக்கும் தெரியும். நான் பெருமிதமாகத் துண்டை எடுத்து, எழுதி, நகர்த்தி, விடை சொன்னேன்: ஒன்று, இரண்டு, மூன்று.

நிர்மலா துண்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

"உன் கோயில்ல எதிரொலி மொதல்ல வருது. அப்புறமா சத்தம் வருது. நீ அதுக்கும் அப்புறம் கை தட்டுவ போல."

அருள் பன்னை மென்றுகொண்டே, "அப்படி ஒரு கோயில் இருந்தா சக்கத்தா இருக்கும் மச்சா. ஃபாதர் வர்றதுக்குள்ள பிரசங்கத்தக் கேட்டுட்டு வீட்டுக்கு வந்துரலாம்" என்றான்.

விஷயம் இதுதான். இடப்பக்கத்திலிருந்து நகர்த்தினால் துண்டின் கடைசி எண்தான் முதலில் போய் மோதும்; அதனால் நகர்த்துவதற்கு முன்னால் ஒரு துண்டைத் திருப்பி வைக்க வேண்டும், ஒன்று, இரண்டு, மூன்று என்று. அந்த ஒரு வரியை நான் எப்போதோ தவறவிட்டிருந்தேன். தொகுப்பில் இருந்த கணக்குகளோ முன்னால் பார்த்தாலும் பின்னால் பார்த்தாலும் ஒரே மாதிரி இருப்பவை. ஒன்று, இரண்டு, ஒன்றைத் திருப்பினால் என்ன, திருப்பாவிட்டால் என்ன? ஆக மூன்று வாரம் தவறான வழியில் நடந்து சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறேன். சில பேருக்கு முழு வாழ்க்கையே இப்படி அமைந்துவிடுகிறது. எனக்கு இரண்டு நாள் முன்பாக நிர்மலா குறுக்கே வந்தாள்.

அந்த இரண்டு நாளும் திருப்பு, திருப்பு என்று ஜெபித்துக்கொண்டிருந்தேன். தோசை சுடும்போது அம்மா திருப்பியைக் கையில் எடுத்தால் எனக்குப் பாடம் ஞாபகம் வரும். கையில் ஊறிப்போன பழக்கம் புத்தி சொன்னால் போகுமா? பத்துக் கணக்கில் மூன்றில் திருப்ப மறந்தேன்.

பரீட்சை அன்று கேள்வித்தாளில் கன்வல்யூஷன் பத்து மார்க்குக்கு வந்திருந்தது. பெட்டி சொல்கிற பதில் நான்கு, இரண்டு, ஒன்று என்று இறங்குகிற வகை. துளைத் துண்டுகளை உள்ளே கொண்டுபோக முடியாது. அதனால் கேள்வித்தாளின் அடி ஓரத்தை ஸ்கேல் வைத்துக் கிழித்து, பென்சிலால் எண்களை எழுதி, விடைத்தாளின் மேல் வைத்து நகர்த்த ஆரம்பித்தேன். குனிந்த தலை, கையில் ஒரு சின்னக் காகிதம், அது மெதுவாக நகர்கிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மேற்பார்வைக்கு வந்தவர் வேறு கல்லூரிக்காரர், சிவில் பிரிவாம். பூனை நடை. என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து காகிதத்தை எடுத்தது.

"ஏனிது? சீட்டியா?"

காப்பி அடிக்கிற துண்டுச் சீட்டா என்று கன்னடத்தில் கேட்கிறார். பிடிபட்டால் இயர் பேக் கூட இல்லை, மொத்தமாக மூன்று வருடம் எழுத விட மாட்டார்கள். என் வாயிலிருந்து கன்வல்யூஷன் சார், கன்வல்யூஷன் சார் என்பதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. சிவில்காரருக்கு அது ஏதோ வியாதியின் பெயர் போலக் கேட்டிருக்கலாம். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார், அது எதற்கென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடைசியில் என் கேள்வித்தாளை எடுத்து, கிழிந்த ஓரத்தோடு அதைப் பொருத்திப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது. சிவில்காரர், விரிசல் பார்க்கத் தெரிந்தவர். காகிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

அதைத் திரும்ப எடுக்கப் போனேன். எண்கள் தலைகீழாக நின்றன. அவர் தலைமாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான்கு வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம். அதை நேராக்கிக் கொள்ளக் கையை நீட்டியபோதுதான் தலைக்குள் ஒரு தட்டு விழுந்தது. நான் திருப்ப மறந்திருக்கிறேன். மறுபடியும். அவர் திருப்பி வைத்திருக்கிறார்.

தலைகீழ் எண்களை அப்படியே வைத்து, கழுத்தை ஒடித்துப் படித்துக் கணக்கை முடித்தேன்.

ஆறு வாரம் கழித்து ரிசல்ட். அப்போதெல்லாம் பல்கலைக்கழகக் கட்டடத்தின் நீளத் தாழ்வாரத்தில் ஒட்டுவார்கள். ஊரில் உள்ள எல்லாக் கல்லூரிப் பிள்ளைகளும் அங்கேதான். பெயர் இருக்காது, பதிவு எண்ணும் மார்க்கும் மட்டும். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அருள் தன்னுடையதை முதலில் பார்த்துவிட்டான்; ஐம்பத்திரண்டு. நிர்மலா எனக்காக உள்ளே முண்டியடித்துப் போனாள். போனவள் வரவே இல்லை. அப்புறம் கூட்டத்தின் மேல் அவள் கை மட்டும் தெரிந்தது. மூன்று விரல், பிறகு இன்னொரு கையும் சேர்ந்து எட்டு விரல்.

முப்பத்தெட்டு. பாஸுக்கு முப்பத்தைந்து போதும். அந்தக் கணக்குக்குப் பத்து மார்க் என்று சொன்னேன் அல்லவா, நீங்களே கழித்துப் பாருங்கள்.

பரீட்சை அறையில் நடந்ததை அங்கேயே அவர்களிடம் சொன்னேன். "உன் மார்க் கார்டுல அந்த சார் பேரையும் போடணும்" என்றாள் நிர்மலா. நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற ஒருவனும் சேர்ந்துகொண்டான். உயரமான பையன், எந்தக் கல்லூரி என்று தெரியாது. என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "கங்க்ராட்ஸ் மச்சா. எனக்கு நாலு விக்கெட் அவுட்" என்றான். நாலு பேப்பர் பேக். அதைச் சொன்ன முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை, அல்லது என் முப்பத்தெட்டு அதை மறைத்திருந்தது. எங்களோடு பேக்கரிக்கு வந்தான், இரண்டு காரா பன் சாப்பிட்டான், தன் பதிவு எண்ணின் கடைசி மூன்றை ஸ்கோர் மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னான். நூற்று நாற்பத்தேழு, நாட் அவுட். பெயரைக் கேட்க மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இரண்டு முறை போனது, மறைத்தது, எல்லாம். அவர் செய்தித்தாளை மடிக்காமலேயே கேட்டார்.

"இப்ப பாஸா?"

"பாஸுப்பா."

"அப்ப இத எதுக்கு இப்ப சொல்ற?"

அடுத்த ரிசல்ட் வந்தபோது நாங்கள் மூவரும் நான்காம் வருடம். அதே தாழ்வாரம், அதே நெரிசல். எங்கள் எண்களைத் தேடப் போன என் கையை நிர்மலா பிடித்து நிறுத்தினாள். "மொதல்ல நூத்தி நாப்பத்தேழப் பாரு" என்றாள். தேடினோம். அப்படி முடிகிற எண் பல இருந்தன; நாலு பேக் எழுதிய நூற்று நாற்பத்தேழைத் தேடி விரல் ஒவ்வொரு தாளாக இறங்கிக் கடைசித் தாளில் நின்றது. நாலும் பாஸ். ஒன்றில் அறுபத்தொன்று. அருள் விசிலடித்தான். சுற்றி நின்றவர்கள் எங்களில் யாரோ பெரிதாக ஜெயித்துவிட்டதாக நினைத்து வழிவிட்டார்கள். ஆளை அந்தத் தாழ்வாரம் முழுக்கத் தேடினோம், கிடைக்கவில்லை. பேக்கரிக்குப் போய் நாலு காரா பன் சொல்லி, நாலாவதை மூன்றாகப் பிய்த்தோம்.

அந்தத் தாழ்வாரத்தை இப்போது கண்ணாடி போட்டு அடைத்துவிட்டார்கள். ஒட்டுவதற்கும் ஒன்றும் இல்லை. மகளுடைய கடைசி செமஸ்டர் ரிசல்ட் போனில் வந்தது; வைட்ஃபீல்ட் போகிற மெட்ரோவில் நின்றுகொண்டே பார்த்து, பாஸ் என்று எனக்கு ஒரு சொல் அனுப்பினாள். அன்று ராத்திரி அந்த இணையதளத்தை நானும் திறந்து பார்த்தேன். ஒரு பெட்டி இருந்தது. ஏதோ ஆசையில் நூற்று நாற்பத்தேழு என்று தட்டினேன். அது பிறந்த தேதி கேட்டது.